கஸ்டரின் புகழும் கருங்குன்றுகளின் தங்கமும்

2025 செப்டம்பர் இறுதியில் அமெரிக்க ராணுவ அமைச்சர் பீட் ஹெக்செத் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். 1890 டிசம்பர் 29 அன்று தெற்கு டகோட்டாவின் வூண்டட் நீ ஓடைக்கரையில் லகோட்டா மக்களைச் சுட்டுக் கொன்ற படையினருக்கு வழங்கப்பட்ட மிக உயர்ந்த வீரப் பதக்கங்கள் திரும்பப் பெறப்படமாட்டா என்பதே அது. முந்தைய ஆட்சியில் தொடங்கிய மறுஆய்வு இத்துடன் முடித்துவைக்கப்பட்டது. அதே மாதத்தில்தான் அந்நாட்டின் 'பாதுகாப்புத் துறை'க்குப் 'போர்த் துறை' என்ற பழைய பெயரை டிரம்ப் மீட்டுக் கொடுத்திருந்தார். பெயரளவிலாவது ஒரு பொய் குறைந்தது.

அன்று ஓடைக்கரையில் இருந்தவர்கள் பிக் ஃபுட் என்னும் தலைவரின் கூட்டத்தார், சுமார் 350 பேர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். தலைவரே நிமோனியாக் காய்ச்சலில் எழுந்து நிற்க இயலாமல் கிடந்தார். சரணடைந்துவிட்ட அவர்களைச் சூழ்ந்து நின்ற படை, மேட்டின்மீது நான்கு ஹாட்ச்கிஸ் பீரங்கிகளை நிறுத்தியிருந்தது. ஆயுதங்களைப் பறிக்கும்போது ஒரு துப்பாக்கி வெடிக்க, பீரங்கிகள் கூடாரங்களை நோக்கி முழங்கின. பனியில் உறைந்து, பிறகு ஒரே குழியில் இடப்பட்ட உடல்கள் மட்டும் 146. மொத்தச் சாவு 250க்கும் 300க்கும் இடைப்பட்டது என்பது பொதுவான கணிப்பு. அந்தப் பகுதியின் தலைமைத் தளபதியாக இருந்த நெல்சன் மைல்ஸே இதைப் படுகொலை என்று எழுதினார்; படையை நடத்திய கர்னல் ஃபோர்சைத்தைப் பதவியிலிருந்து நிறுத்தினார். மேலிடம் ஃபோர்சைத்தை விடுவித்துவிட்டது என்பது வேறு கதை. பூர்வகுடி மக்களுக்கு எதிரான போர்களையே தொழிலாகக் கொண்டிருந்த ஒரு தளபதிக்கு 1890களில் புரிந்த செய்தி, 135 ஆண்டுகள் கழித்தும் ஹெக்செத்துக்குப் புரியவில்லை. அல்லது நன்றாகவே புரிந்திருக்கிறது.

பதக்கம் பெற்றவர்களில் பெரும்பாலோர் ஏழாவது குதிரைப்படையைச் சேர்ந்தவர்கள். அந்தப் படைப்பிரிவுக்குப் பெயரும் புகழும் தேடித் தந்தவர் ஜார்ஜ் ஆர்ம்ஸ்ட்ராங் கஸ்டர். 1876இல் அவர் மாண்ட லிட்டில் பிக்ஹார்ன் போருக்கு வூண்டட் நீயில் பழி தீர்த்ததாக அன்றைய ஏடுகள் பல எழுதின. ஆகவே பதக்கங்களைப் பற்றிப் பேச வேண்டுமானால் கஸ்டரைப் பற்றிப் பேச வேண்டும்.

இரண்டு கதைகள், ஒரே வேலை

கஸ்டரைப் பற்றி முதலாளித்துவ அமெரிக்கா இரண்டு கதைகளைச் சொல்லி வந்திருக்கிறது. முதற்கதை பழையது. பொன்னிறத் தலைமுடி தோளில் புரள, நாகரிகத்தின் முன்னணிக் காவலனாக, 'காட்டுமிராண்டி'களின் நடுவே கடைசித் தோட்டா வரை போரிட்டு மடிந்த மாவீரன் என்பது அது. இரண்டாம் கதை 1960களுக்குப் பிறகு எழுந்தது. கஸ்டர் தற்பெருமை பிடித்தவர், மனநிலை சரியில்லாதவர், புகழ்வெறியில் தம் வீரர்களைச் சாவுக்கு இட்டுச் சென்ற மூடர் என்று அது சொல்லும். தாராளவாத அறிவாளிகளுக்கு இக்கதை மிகவும் பிடித்தமானது.

முதற்கதையை மறுக்க இன்று அதிக முயற்சி தேவையில்லை. ஆபத்தானது இரண்டாவதே. ஒரு மனிதனின் திமிரில் எல்லாவற்றையும் இறக்கிவைத்துவிட்டால் நார்தர்ன் பசிபிக் ரயில் கம்பெனி தப்பித்துக்கொள்ளும்; வால் ஸ்ட்ரீட் தப்பித்துக்கொள்ளும்; வெள்ளை மாளிகையில் கூடிப் போருக்கு நாள் குறித்தவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். கஸ்டரைத் திட்டுவது எளிது. அவரை அனுப்பியவர்கள் யார், எதற்காக அனுப்பினார்கள் என்று கேட்பதுதான் அந்த அறிவாளிகளுக்குக் கடினமாக இருக்கிறது.

கஸ்டர் 1839இல் ஒஹாயோ மாநிலத்தின் நியூ ரம்லி என்னும் சிற்றூரில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தார். உழைக்கும் குடும்பம்தான். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் 1861ஆம் ஆண்டு தேறிய 34 பேரில் கடைசி மாணவர். உள்நாட்டுப் போர் தொடங்கியிருந்ததால் கடைசி மாணவருக்கும் தேவை இருந்தது. 23ஆம் வயதில் பிரிகேடியர் ஜெனரல். கெட்டிஸ்பர்க் போரில் மிச்சிகன் குதிரைப்படையை முன்னின்று நடத்தியவர். 25ஆம் வயதில் மேஜர் ஜெனரல். அப்போமாட்டாக்ஸில் அடிமை உடைமையாளர்களின் படை சரணடைந்தபோது உடனிருந்தவர். அந்தப் போரில் அவர் வடக்கின் பக்கம் துணிவோடு போரிட்டார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. மார்க்ஸ் எந்தப் பக்கத்தின் வெற்றிக்காக எழுதினாரோ அந்தப் பக்கம் அது.

ஆனால் அடிமைமுறையை ஒழித்த படையில் இருந்தவர் எல்லாம் அடிமைகளின் நண்பர் ஆகிவிடமாட்டார். விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை வழங்குவதைக் கஸ்டர் வெளிப்படையாக எதிர்த்தார். மறுசீரமைப்பைக் குலைக்க முயன்ற அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் 1866இல் ஊர் ஊராகப் பிரசாரப் பயணம் சென்றபோது, சீருடைப் புகழை இரவல் தந்து கூடவே சென்றார். வடக்கின் முதலாளி வர்க்கம் தோட்ட முதலாளிகளை முறியடித்த கையோடு மேற்கு நோக்கித் திரும்பியது. அதன் படையும் திரும்பியது. ஒரே ஷெர்மன், ஒரே ஷெரிடன், ஒரே கஸ்டர். எதிரி மட்டும் மாறினான்.

மேற்கில் அவர் முதலில் சுட ஆணையிட்டது பூர்வகுடிகளை அல்ல, தம் சொந்தப் படைவீரர்களை. 1867 கோடையில் கன்சாஸ், நெப்ராஸ்கா சமவெளிகளில் கெட்டுப்போன உணவும் ஓயாத அணிவகுப்பும் தாங்காமல் படைவீரர்கள் ஓடிப்போகத் தொடங்கினர். ஓடியவர்களை விசாரணையின்றிச் சுட ஆணையிட்டார் கஸ்டர். சுடப்பட்டவர்களில் ஒருவர் இறந்தார். அதே கஸ்டர் சில நாட்களில் தம் மனைவியைக் காண்பதற்காகப் படையை விட்டுவிட்டுப் போனார். சிப்பாய் போனால் தோட்டா. அதிகாரி போனால் ராணுவ நீதிமன்றமும் ஓராண்டுச் சம்பளமற்ற இடைநீக்கமும். அந்த ஓராண்டும் முழுதாகக் கழியவில்லை. தண்டனைக் காலத்தில் தம் சொந்த இல்லத்தையே தங்கக் கொடுத்திருந்த ஷெரிடன், காலம் முடியும் முன்பே அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்.

அந்தச் சிப்பாய்கள் யார்? கணிசமானோர் புலம்பெயர்ந்த அயர்லாந்துக்காரர்களும் ஜெர்மானியர்களும். பிரிட்டிஷ் ஆட்சியில் பஞ்சத்தால் நிலத்தைவிட்டு விரட்டப்பட்டவர்களின் பிள்ளைகள், மாதம் 13 டாலருக்காக வேறொரு மக்களை அவர்களது நிலத்தைவிட்டு விரட்டச் சென்றார்கள். ஏழாவது குதிரைப்படையின் அணிவகுப்பு இசையே 'கேரிஓவன்' என்னும் ஐரிஷ் மெட்டுதான்.

வாஷிட்டா

ஷெரிடன் அவரை அவசரமாக அழைத்ததன் காரணம் 1868 நவம்பர் 27 அன்று தெரிந்தது. இன்றைய ஓக்லஹோமாவில் வாஷிட்டா ஆற்றங்கரையில் செயன் மக்களின் குடியிருப்பு ஒன்று பனிக்காலத்துக்காகக் கூடாரமிட்டிருந்தது. அதன் தலைவர் பிளாக் கெட்டில். இந்தப் பெயரைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். வெள்ளையரோடு சமாதானமாக வாழ முடியும் என்று தம் மக்களிடம் கடைசிவரை வாதாடியவர் இவர். 1864 நவம்பர் 29 அன்று கொலராடோவின் சேன்ட் கிரீக்கில், மெதடிஸ்ட் போதகராக இருந்து கர்னலான ஷிவிங்டனின் படை தாக்கியபோது, தம் கூடாரத்தின்மேல் அமெரிக்கக் கொடியை ஏற்றிவைத்திருந்தார். கொடி யாரையும் காக்கவில்லை. 150க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பெண்களும் முதியோரும் குழந்தைகளும், அன்று கொல்லப்பட்டனர். அதன் பிறகும் அவர் ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டார். வாஷிட்டாத் தாக்குதலுக்குச் சில நாட்கள் முன்புகூட கோப் கோட்டைக்குச் சென்று பாதுகாப்புக் கேட்டார். அங்கிருந்த அதிகாரி ஹேசன், சமாதானம் செய்யும் அதிகாரம் தமக்கில்லை, ஷெரிடனிடம்தான் பேச வேண்டும் என்று கூறித் திருப்பி அனுப்பினார்.

ஷெரிடனின் மறுமொழி விடியற்காலையில் நான்கு திசைகளிலிருந்து வந்தது. இசைக்குழு கேரிஓவனை வாசிக்க, உறங்கிக்கொண்டிருந்த குடியிருப்புக்குள் குதிரைப்படை பாய்ந்தது. பிளாக் கெட்டிலும் அவர் மனைவியும் ஆற்றைக் கடக்கும்போது சுடப்பட்டு மாண்டனர். 103 போர்வீரர்களைக் கொன்றதாகக் கஸ்டர் அறிக்கை எழுதினார். செயன் மக்களின் கணக்கில் அதைவிட மிகவும் குறைவு; அந்தக் குறைந்த எண்ணிக்கையிலும் கணிசமானோர் பெண்களும் குழந்தைகளும். 53 பெண்களும் குழந்தைகளும் சிறைபிடிக்கப்பட்டனர். பனிக்காலம் முழுவதற்கும் சேர்த்துவைத்த இறைச்சி, எருமைத் தோல், கூடாரங்கள் அனைத்தும் கொளுத்தப்பட்டன. கைப்பற்றிய எண்ணூறு அளவிலான குதிரைகளில் தமக்கு வேண்டியவை போக மற்றவற்றைச் சுட்டுக் கொல்ல ஆணையிட்டார். குதிரையே வாழ்க்கையாக இருந்த மக்களுக்கு அது சோற்றுப்பானையை உடைப்பது போன்றது.

அரசின் கொள்கையே அதுதான். எருமை மந்தை, குதிரை மந்தை, குளிர்காலச் சேமிப்பு ஆகியவற்றை அழித்தால் மக்கள் பட்டினியால் பணிவார்கள் என்பது ஷெர்மனும் ஷெரிடனும் தெற்கில் சோதித்துப் பார்த்து, மேற்கில் முழுமையாக்கிய முறை. கஸ்டரின் மூளைக்கோளாறு என்று இதற்குப் பெயரிடுவது வரலாறு ஆகாது.

'அவர் தம் காலத்தின் மனிதர், இன்றைய அளவுகோலால் அளக்கலாமா?' என்று கேட்போர் எப்போதும் உண்டு. அதே காலத்தில் இன்னொரு குதிரைப்படை அதிகாரி இருந்தார். பெயர் சைலஸ் சோல். முதலாம் கொலராடோ குதிரைப்படையின் கேப்டன். அடிமை ஒழிப்பு இயக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர். சேன்ட் கிரீக்கில் ஷிவிங்டன் தாக்க ஆணையிட்டபோது, தம் கம்பெனி வீரர்களைச் சுடச் சொல்ல மறுத்து நின்றார். நடந்ததை மேலதிகாரிக்குக் கடிதமாக எழுதினார். 1865 தொடக்கத்தில் விசாரணைக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். அந்த ஏப்ரலில் டென்வர் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 26. அவரும் அக்காலத்தின் மனிதர்தான். கஸ்டருக்குத் திரைப்படங்களும் சிலைகளும் ஊர்ப் பெயர்களும் கிடைத்தன. சோலின் பெயரை அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

ரயிலும் தங்கமும்

1864இல் நாடாளுமன்றம் நார்தர்ன் பசிபிக் ரயில் கம்பெனிக்கு நான்கு கோடி ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தைக் கொடையாக ஒதுக்கியது. அரசுக்குச் சொந்தமில்லாத நிலத்தை அரசு தனியாருக்குத் தானம் செய்த விந்தை அது. அந்நிலத்தின் பெரும்பகுதியில் வாழ்ந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை. கம்பெனியின் பத்திரங்களை விற்கும் பொறுப்பை ஏற்றவர் உள்நாட்டுப் போருக்கு நிதி திரட்டிப் பெயர் பெற்ற வங்கியாளர் ஜே குக். 1873 கோடையில் யெல்லோஸ்டோன் பள்ளத்தாக்கில் ரயில்பாதைக்கு அளவெடுக்கச் சென்ற கம்பெனிப் பொறியாளர்களுக்குக் காவலாகச் சென்றது அரசுப் படை. அதில் கஸ்டரும் ஏழாவது குதிரைப்படையும் இருந்தனர். அங்கே லகோட்டாக்களோடு இருமுறை மோதல் நடந்தது. பாதை போடுவது எளிதாக இராது என்ற செய்தி, ஏற்கெனவே விற்காமல் தேங்கிக் கிடந்த பத்திரங்களுக்கு நல்லதாக அமையவில்லை.

1873 செப்டம்பர் 18 அன்று ஜே குக்கின் நிறுவனம் திவாலானது. நியூயார்க் பங்குச்சந்தை பத்து நாட்கள் மூடப்பட்டது. அடுத்தடுத்து வங்கிகள் வீழ்ந்தன, ஆலைகள் மூடின, லட்சக்கணக்கான தொழிலாளர் தெருவில் நின்றனர். முதலாளித்துவம் அதுவரை கண்டிராத நீண்ட நெருக்கடிகளில் ஒன்று தொடங்கியது. வேலையின்மை ஒருபுறம், பணப்புழக்கத்துக்குத் தங்கம் போதவில்லை என்ற கூக்குரல் மறுபுறம். இந்த நிலையில்தான் கருங்குன்றுகளில் தங்கம் இருப்பதாகப் பல காலம் உலவிய வதந்தி திடீரென அரசின் கவனத்தை ஈர்த்தது.

லகோட்டா மொழியில் பஹா சாப்பா எனப்படும் அந்தக் கருங்குன்றுகள் அவர்களது புனித நிலம். 1868ஆம் ஆண்டு லாரமி கோட்டை ஒப்பந்தத்தின்படி அவை லகோட்டாக்களின் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு உரியவை. வயதுவந்த ஆண்களில் நான்கில் மூன்று பங்கினர் கையெழுத்திட்டால் ஒழிய அந்நிலத்தில் ஒரு பகுதியையும் விட்டுக்கொடுக்க முடியாது என்று ஒப்பந்தத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது. ஒப்பந்தத்தில் மை காய்ந்து ஆறாண்டுதான் ஆகியிருந்தது.

1874 ஜூலை 2 அன்று கஸ்டரின் தலைமையில் சுமார் ஆயிரம் பேர் கொண்ட படை அங்கே புறப்பட்டது. கோட்டை கட்ட இடம் பார்க்கிறோம் என்பது அரசு சொன்ன காரணம். கோட்டை கட்ட இடம் பார்க்கப் போகிறவர்கள் நிலவியலாளரையும் சுரங்க வேலை அறிந்தவர்களையும் புகைப்படக்காரரையும் பத்திரிகை நிருபர்களையும் இசைக்குழுவையும் அழைத்துப் போவார்களா? ஜூலை இறுதியில் பிரெஞ்ச் கிரீக் ஓடையில் தங்கத்துகள் கிடைத்தது. செய்தியைச் சுமந்து லாரமி கோட்டைக்கு ஒரு தூதுவன் குதிரையில் விரைந்தான். புல் வேரடியிலேயே பொன் என்று நாளேடுகள் முழங்கின. வேலையிழந்த ஆயிரக்கணக்கானோர் மண்வெட்டியும் சல்லடையுமாகக் குன்றுகளுக்குப் புறப்பட்டனர். நெருக்கடியை உண்டாக்கிய வர்க்கம், அந்நெருக்கடியால் நொந்த ஏழைகளை இன்னொரு மக்களின் நிலத்தின்மேல் ஏவிவிட்டது. தங்கம் கடைசியில் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பது பின்னால் வரும்.

கஸ்டர் இதில் வெறும் கருவி என்று சொல்வதும் சரியன்று. அவருக்கும் பங்கு ஆசை இருந்தது. 1871இல் கொலராடோவின் வெள்ளிச் சுரங்கம் ஒன்றுக்குப் பங்கு திரட்ட நியூயார்க்கின் பெருஞ்செல்வர்களிடம் அலைந்தார். ஆஸ்டர், பெல்மாண்ட் போன்றோர் பணம் போட்டனர். சுரங்கம் ஒன்றும் தரவில்லை. பிறகு கடன் வாங்கிப் பங்குச்சந்தையில் சூதாடி எட்டாயிரம் டாலருக்கு மேல் கடனாளி ஆனார். ரயில் கம்பெனி அவருக்குச் சலுகைகள் செய்தது. அவர் கம்பெனியின் நிலத்தைப் புகழ்ந்து எழுதினார். சமவெளியில் எருமை வேட்டையாடிய வீரரின் சட்டைப் பையில் வால் ஸ்ட்ரீட்டின் கடன் பத்திரம் இருந்தது.

1875இல் அரசு குன்றுகளை 60 லட்சம் டாலருக்கு விலை பேசியது. லகோட்டாக்கள் மறுத்தனர். நவம்பர் 3 அன்று வெள்ளை மாளிகையில் அதிபர் கிராண்ட், ஷெரிடன், குரூக், உள்துறை அமைச்சர் சாண்ட்லர் முதலியோர் கூடினர். அத்துமீறி நுழையும் தங்கவேட்டையர்களைப் படை இனித் தடுக்காது; ஆனால் இதை வெளியே சொல்லப்போவதில்லை என்பது முடிவு. அடுத்து, ஒதுக்கிடத்துக்கு வெளியே வேட்டையாடி வாழும் கூட்டங்கள் 1876 ஜனவரி 31க்குள் முகாம்களுக்கு வந்து சேர வேண்டும், இல்லையேல் பகைவர்களாகக் கருதப்படுவர் என்று ஆணை போனது. கடும்பனியில், குழந்தை குட்டிகளோடு பல நூறு மைல் எப்படி வருவார்கள்? வரமாட்டார்கள் என்பது ஆணை பிறப்பித்தவர்களுக்குத் தெரியும். போர் தொடுக்க ஒரு காகிதம் வேண்டியிருந்தது, அது கிடைத்தது.

தமிழ்ப் பொருளிலக்கணம் மண்ணாசையால் பிறர் நாட்டின்மேல் படையெடுப்பதற்கு வஞ்சி என்று பெயரிட்டு வெளிப்படையாக வகைப்படுத்திவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் வாஷிங்டனுக்கு அந்த நேர்மை இல்லை.

1876 ஜூன் 25 அன்று லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் நடந்தது பற்றி நூற்றுக்கணக்கான நூல்கள் உள்ளன. சுருக்கமாகச் சொன்னால் போதும். சுமார் 600 பேர் கொண்ட படையைக் கஸ்டர் பிரித்தார். ஐந்து கம்பெனிகளோடு, ஏறத்தாழ 210 பேரோடு, தாம் வடக்கே சென்றார். வாஷிட்டாவில் கைகொடுத்த அதே உத்தி இது: குடியிருப்பைப் பல பக்கம் தாக்கு, பெண்களையும் பிள்ளைகளையும் பிடித்து வை, ஆண்கள் தாமே பணிவார்கள். ஆனால் இம்முறை எதிரே இருந்தது ஐம்பது கூடாரம் அல்ல. லகோட்டா, செயன், அரபாஹோ மக்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றுகூடியிருந்தனர். சிட்டிங் புல் அவர்களை ஒருங்கிணைத்திருந்தார். கிரேசி ஹார்ஸ், கால், டூ மூன் முதலியோர் களத்தில் இருந்தனர். எட்டு நாட்கள் முன்புதான் ரோஸ்பட் ஓடையில் ஜெனரல் குரூக்கின் படையைத் தடுத்துத் திருப்பியிருந்தனர். கஸ்டரோடு சென்ற அனைவரும் மாண்டனர். அவருடைய சகோதரர் இருவர், மைத்துனர், மருமகன் உட்பட. தம் பெண்டு பிள்ளைகள் இருந்த கூடாரங்களைக் காக்க மக்கள் போரிட்டு வென்றனர். முதலாளித்துவ ஏடுகள் இதற்குத்தான் 'படுகொலை' என்று பெயரிட்டன. வூண்டட் நீக்கு அவை வைத்த பெயர் 'போர்'.

நாட்டின் நூற்றாண்டு விழாவோடு செய்தியும் சேர்ந்து வந்தது. பழிவாங்கு என்று நாடே ஊளையிட்டபோது எதிர்த்துப் பேசிய சிலருள் ஒருவரின் பெயர் மார்க்சியர்களுக்கு மிகவும் அறிமுகமானது. லூயிஸ் ஹென்றி மார்கன் அந்த ஜூலையில் 'தி நேஷன்' ஏட்டில் பூர்வகுடிகளுக்கு எதிரான கூச்சலைக் கண்டித்து எழுதினார். தங்கள் உயிரையும் மண்ணையும் காக்கப் போரிட்டவர்களைக் கொலைகாரர் என்பது எந்த நியாயம் என்பதே அவர் வாதத்தின் சாரம். மார்கன் புரட்சியாளர் அல்லர். ரயில், சுரங்க முதலீட்டாளர்களின் வழக்கறிஞராகப் பணம் ஈட்டியவர். ஆனால் பூர்வகுடிச் சமூகங்களை நெருங்கி ஆராய்ந்தவர். அடுத்த ஆண்டு வெளிவந்த அவரது 'பண்டைய சமுதாயம்' நூலை மார்க்ஸ் பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்தார். அந்தக் குறிப்புகளிலிருந்தே எங்கெல்ஸின் 'குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்' பிறந்தது. மூலதனத்தின் முதல் தொகுதியில், ஆதித் திரட்டலைப் பற்றிய பகுதியில், நியூ இங்கிலாந்தின் பக்திமான்கள் 1703இல் ஒவ்வொரு பூர்வகுடியின் உச்சந்தலைத் தோலுக்கும் 40 பவுண்டு விலை வைத்ததை மார்க்ஸ் எடுத்துக்காட்டியிருக்கிறார். ஆதித் திரட்டல் ஐரோப்பாவில் என்றோ முடிந்துபோன பழங்கதை என்று கருதுவோர் கருங்குன்றுகளின் கணக்கைப் பார்க்க வேண்டும்.

கணக்கு

1876 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. குன்றுகளை விட்டுக்கொடுக்காதவரை லகோட்டாக்களுக்கு உணவுப் பொருள் வழங்கப் பணம் ஒதுக்கப்படமாட்டாது. எருமைகள் அழிக்கப்பட்டிருந்தன, குதிரைகளும் துப்பாக்கிகளும் பறிக்கப்பட்டன, மீதமிருந்தது அரசு தரும் உணவு மட்டும். அதையும் நிறுத்திவிட்டு நீட்டிய தாளில் கையெழுத்திட்டவர்கள் வயதுவந்த ஆண்களில் பத்தில் ஒரு பங்கினர் அளவே. நான்கில் மூன்று பங்கு என்ற விதி என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. கிராம சபை ஒப்புதல் எப்படியெல்லாம் 'பெறப்படுகிறது' என்பதை இந்தியக் கனிம மாவட்டங்களில் கண்டவர்களுக்கு இந்த முறை புதிதன்று. 1877 பிப்ரவரி 28 அன்று குன்றுகள் சட்டப்படி பறிக்கப்பட்டன. அந்தச் செப்டம்பரில் கிரேசி ஹார்ஸ் ராபின்சன் முகாமில் காவலில் வைக்கப்படும்போது குத்திக் கொல்லப்பட்டார்.

அதே 1877இல் ஜார்ஜ் ஹர்ஸ்ட் என்னும் கலிபோர்னியச் சுரங்க முதலாளி தம் கூட்டாளிகளோடு சேர்ந்து குன்றுகளில் ஹோம்ஸ்டேக் சுரங்கத்தை வாங்கினார். மண்வெட்டியோடு வந்த வேலையற்றோர் அவரது சுரங்கக் கூலிகள் ஆனார்கள். 2002இல் மூடப்படும்வரை அந்த ஒரு சுரங்கத்திலிருந்து எடுக்கப்பட்ட தங்கம் சுமார் நான்கு கோடி அவுன்ஸ், அதாவது ஆயிரத்து இருநூறு டன்னுக்கும் மேல். ஹர்ஸ்டின் மகன் வில்லியம் ராண்டால்ஃப் ஹர்ஸ்ட் பத்திரிகைப் பேரரசு நிறுவினார். 1898இல் ஸ்பெயினோடு போர் மூட்டக் கூவிய ஏடுகள் அவருடையவை.

கஸ்டரின் கடன்களை அவருடைய மனைவிக்கு விட்டுச் சென்றார். எலிசபெத் கஸ்டர் அதிலிருந்து ஒரு வாழ்நாள் பணியை உருவாக்கினார். 1885 முதல் மூன்று நூல்கள், சொற்பொழிவுகள், சிலை நிதிகள் என்று 1933இல் இறக்கும்வரை கணவரின் புகழைக் காத்தார். அவர் உயிரோடிருந்தவரை பழைய அதிகாரிகள் பலர் வாய்திறக்கத் தயங்கினர். எருமை பில் கோடி 'கடைசிப் போரை'க் கூடாரக் காட்சியாக ஊர் ஊராக நடத்தினார். 1896இல் ஒரு பீர் கம்பெனி கஸ்டரின் கடைசி நிமிடங்களை வண்ணப்படமாக அச்சடித்து நாடெங்கும் மதுக்கடைகளில் மாட்டியது. தொழிலாளி தன் கூலியைக் குடிக்கும் இடத்தில் தலைக்குமேல் கஸ்டர் நின்றார். 1940இல் ஒரு திரைப்படத்தில் கஸ்டராக நடித்தவர் ரொனால்ட் ரீகன். அடுத்த ஆண்டே எரால் ஃப்ளின் நடித்த இன்னொரு படம் வந்தது. ரீகன் பிறகு வேறு வேடத்தில் வெள்ளை மாளிகைக்கே போனார்.

அந்தக் கதைகள் தமிழுக்கும் வந்தன. சிவகாசியில் அச்சான சித்திரக் கதைகளிலும் மொழிமாற்றுப் படங்களிலும் நீலச்சட்டைக் குதிரைப்படை எக்காளம் ஊதிக்கொண்டு வருவது மீட்பின் அடையாளமாகவே பதிந்தது. 'செவ்விந்தியர்' என்ற சொல் பள்ளிப் பாடநூல் வரை குடியேறியது. கொலம்பஸின் தவறு ஒரு பாதி, வெள்ளையனின் நிறவெறி மறுபாதி. இரண்டையும் ஒட்டிச் செய்த அச்சொல்லை முற்போக்கு ஏடுகளேனும் கைவிட வேண்டும். லகோட்டா, செயன், அபாச்சி என்று அவர்களுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. அபாச்சி என்ற பெயரைக் கொலைக்கருவி ஹெலிகாப்டருக்குச் சூட்டியது அமெரிக்கா. மோடி அரசு அதை வாங்கி அணிவகுப்பில் பறக்கவிடுகிறது. ஏழாவது குதிரைப்படையோ 1950இல் கொரியாவின் நோ குன் ரி பாலத்தடியில் அகதிகளைச் சுட்டது. 1965இல் வியட்நாமுக்குப் போயிற்று. பகைவர் நிலத்தை 'இந்தியன் நாடு' என்றே அங்கே படையினர் அழைத்தார்கள்.

லகோட்டாக்கள் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு பல பத்தாண்டுகள் இழுத்தது. 1980 ஜூன் 30 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், எட்டு நீதிபதிகளுக்கு ஒருவர் என்ற கணக்கில், கருங்குன்றுகள் உரிய ஈடின்றிப் பறிக்கப்பட்டதை ஏற்றுக்கொண்டது. 1877ஆம் ஆண்டு மதிப்பில் 1 கோடியே 71 லட்சம் டாலர். நூற்றாண்டு வட்டியும் சேர்த்து 10 கோடி டாலருக்கு மேல். நிலம் திரும்பாது, பணம் உண்டு. லகோட்டாக்கள் பணத்தைத் தொடவில்லை. அரசுக் கருவூலத்தில் கிடந்து வட்டி ஏறி இன்று நூறு கோடி டாலரைத் தாண்டிவிட்டது. வறுமையில் அமெரிக்காவின் கடைக்கோடியில் இருக்கும் பகுதிகளுள் ஒன்று பைன் ரிட்ஜ் ஒதுக்கிடம். அந்த மக்களும் வாங்க மறுக்கிறார்கள். குன்றுகள் விற்பனைக்கு இல்லை என்று 1875இல் சொன்ன அதே பதில்.

1991இல் போர்க்களத்தின் பெயரிலிருந்து கஸ்டர் நீக்கப்பட்டார். இன்று அது லிட்டில் பிக்ஹார்ன் போர்க்கள நினைவிடம். அங்கே மாண்ட பூர்வகுடி வீரர்களுக்கும் 2003இல் நினைவுச்சின்னம் எழுந்தது. போராட்டமின்றி இவை கிடைக்கவில்லை. வூண்டட் நீ பதக்கங்களைப் பறிக்கக் கோரும் மசோதா 2019 முதல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் மீண்டும் மீண்டும் கொண்டுவரப்பட்டு நிறைவேறாமல் கிடக்கிறது. கொல்லப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் பனியில் குதிரையேறி பிக் ஃபுட்டின் கூட்டம் கடைசியாக வந்த பாதை வழியே அந்த ஓடைக்கரைக்கு வருகிறார்கள்.